மடங்காத கை

நீ ராசம்மாவின் கையைத் திருடிவிட்டாய். ராசம்மா யார் என்று கேட்பாய். உனக்குத் தெரியாது, தெரியாதபடி உன்னை வளர்த்தவள் நான். ஆனாலும் பள்ளிபாளையம் பேருந்து நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கிற உன் படத்தின் சுவரொட்டியில், ஆழ்குழாய்க்குள்ளிருந்து மேலெழும்பி வருகிற அந்த இடது கை, ஆள்காட்டி விரலில் பாதி இல்லாத அந்தக் கை, அவளுடையது. அதற்குக் கீழே 'கைமொழி' என்று போட்டு என் பெயரை எழுதியிருக்கிறாய். இன்னும் மூன்று வாரத்தில் படம் வருகிறது. உன்னைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் என் காதுக்கு இப்போது போனில் பாதிதான் விழுகிறது. செய்தி அனுப்பினேன். ரிலீஸ் வேலை தலைக்கு மேல் இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்று எழுதினாய். அப்புறம் என்கிற சொல்லை நானும் இருபது வருடத்துக்கு மேல் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதனால் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். பெற்ற மகனை ஊர் முன்னால் இழுக்கலாமா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இழுப்பது உன்னை மட்டும் இல்லை.

போன பொங்கலுக்கு வந்தபோது நீ சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். 'அடியூர்' தொடரைப் படமாக எடுக்கிறேன், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டார் என்றாய். டிவியில் பதின்மூன்று வாரம் வந்ததை இரண்டரை மணி நேரத்தில் சொன்னால் ஓடுமா என்று கேட்டேன். அதுதான் எல்லாருடைய கேள்வியும் என்று சிரித்தாய். யூடியூபில் அதைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறவர்கள், அந்தக் கையைப் பனியனில் அச்சடித்துப் போடுகிறவர்கள், கடைசிக் காட்சிக்கு என்ன அர்த்தம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஒரு தியேட்டர் நிறையாது என்றாய். "அவங்க கும்பிடுவாங்கம்மா, டிக்கெட் வாங்க மாட்டாங்க. மத்தவங்களுக்கும் புரியற மாதிரி எடுக்கோணும்." அதற்காக அடியூர் ஜனங்களைப் பேச வைத்துவிட்டாய். பூமிக்கு அடியில் வாழ்கிறவர்களுக்கென்று ஒரு பாஷையை யாரோ ஒரு பேராசிரியரைக் கொண்டு உண்டாக்கினீர்களாம். தியேட்டரில் நாலு பக்கமும் அது அதிரும் என்றாய். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அரிசிப் பருப்பு சோற்றை இன்னொரு கரண்டி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அந்தத் தொடர் எப்படி வந்தது என்று பேட்டிகளில் நீ அழகாகச் சொல்கிறாய். நடந்ததைச் சொல்கிறேன். கேபிள் மாணிக்கம் அண்ணனுக்கு மூவாயிரம் வீட்டுக்கு ஒயர் இழுக்கத் தெரியும், கல்யாண வீடியோ எடுக்கத் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் கொஞ்ச காலம் ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர். எண்ணூறு அடிக்குக் கீழே தண்ணீருக்குப் பதில் ஒரு ஊர் இருந்தால் என்ன ஆகும் என்று அந்த வண்டியில் உட்கார்ந்து யோசித்தாராம். மேலே வேலைக்குப் போய்த் திரும்பி வராத ஆட்கள் எல்லாம் கீழே இருக்கிறார்கள். பூமியைச் சுற்றவைக்கிற இயந்திரத்தை அவர்கள்தான் ஓட்டுகிறார்கள். அது ஒரு நிமிடம் நின்றால் மேலே எல்லாம் நின்றுவிடும். இதுதான் கதை. தொப்பியும் துப்பாக்கியும் கிடையாது. சாயப் பட்டறைக் குழாய்களும், பிஸ்கட் டப்பாவுக்குள் வருகிற வெள்ளிக் காகிதமும், தறிக்கடியில் கூட்டிப் பெருக்குகிற கழிவு நூலும்தான் மொத்தச் செலவு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு அவருடைய லோக்கல் சேனலில் வந்தது.

இரண்டாவது வாரமே ஆறரைக்குத் தறி ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வெளியே நழுவத் தொடங்கினார்கள். ஆள் நழுவினால் தறி நிற்கும். அதனால் பட்டறைக்காரர்கள் பழைய டிவியைக் கொண்டுவந்து பட்டறைக்குள்ளேயே சுவரில் மாட்டினார்கள். உன் அப்பாவும் நம் எட்டுத் தறிப் பட்டறையில் மாட்டினார். அது ஜனங்கள் மேல் வைத்த பிரியம் இல்லை, புரிந்துகொள். ஆனால் எட்டுத் தறி ஓடுகிற இடத்தில் டிவி பேசினால் யாருக்குக் கேட்கும். மாணிக்கம் அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை நம் பட்டறைக்குள் வந்து நின்று பார்த்தார். டிவியில் வாய் அசைகிறது, இங்கே ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அதே நேரம் பட்டறையின் அந்தக் கோடியில் இருந்த ராசம்மாவும் இந்தக் கோடியில் இருந்த நானும் கையாலேயே ஒரு முழுச் சண்டை போட்டு முடித்துச் சிரித்ததையும் பார்த்தார். அடுத்த வாரத்திலிருந்து அடியூர் ஜனங்கள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

உன் ரசிகர்கள் அந்த மௌனத்துக்கு என்னென்னவோ சொல்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் மொழியின்மை என்கிறார் ஒருவர். சித்தர் மரபு என்கிறார் இன்னொருவர். நான் படித்துப் படித்துக் கசந்துபோனேன். சத்தத்தில் காது கேட்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சத்தத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவளுக்கு அந்த நேரத்தில் மட்டும் இல்லை, சாகும்வரை கேட்காது.

தறிப்பட்டறையில் கை பேசுவது எல்லாருக்கும் தெரியும். இரண்டு விரலைச் சேர்த்துவைத்து வெடுக்கென்று பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். ஆனால் அதில் பாதிக்கு மேல் ராசம்மா உண்டாக்கியது. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள். என்னை 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவாள், நான் அவளை 'ராசம்மா, வா' என்றுதான் கூப்பிடுவேன். ஏன் அப்படி என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத் தெருவிலிருந்து வந்தாள் என்றால் இங்கே எல்லாருக்கும் விளங்கும். அவள் விரல் போனது நம் பட்டறையில், மூன்றாம் தறியின் பெல்ட்டில். உன் அப்பா வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அதோடு கடமை முடிந்தது. மூன்றாவது நாள் கட்டுப் போட்ட கையோடு வந்து தறியை ஓட்டினாள். அந்த அரை விரலை நீட்டி, "இனி எல்லாத்தையும் பாதிதானுங்க காட்ட முடியும், மீதிய நீங்க நெனச்சுக்கோங்க" என்று என்னைச் சிரிக்கவைத்தவள் அவள்.

அவள் உண்டாக்கியதில் ஒரு சாடை உண்டு. உள்ளங்கையை விரித்துத் தூக்கி ஒரு தரம் திருப்பினால், 'இருக்கியா?' என்று கேட்பது. தறியில் நிற்கிறவள் தூங்கிப்போய்த் தறிக்குள் கையை விட்டுவிடாமல் இருக்க, எதிரே இருப்பவள் மணிக்கு ஒரு தரம் கேட்பாள். கேட்கப்பட்டவள் கையைத் தூக்கி மடக்கிக் காட்ட வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். விரல் போன நாளில் அவளைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். உனக்கு அன்றைக்குக் காய்ச்சல், நான் பட்டறையில் இல்லை. குற்றம் என்று நான் சொல்லவரும் விஷயம் அது இல்லை. அதற்கு வருகிறேன்.

மாணிக்கம் அண்ணனுக்கு அவளுடைய கை வேண்டும். ஆனால் முகத்தைக் காட்டினால் எங்கள் தெருவில் இணைப்பைப் பிடுங்கிப்போடுவோம் என்று இரண்டு வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவர் நல்ல மனுசன்தான். நல்ல மனுசர்கள் செய்வதைத்தான் செய்தார், ஒரு வழி கண்டுபிடித்தார். அடியூர்க்காரிக்கு முகம் என்னுடையது, கை அவளுடையது. தறி நிற்கும் நாளில் பட்டறைக்குள்ளேயே கையைத் தனியாகப் படம் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தனியாகப் பிடித்து ஒட்டினார். பெயர் போடும்போது முகத்தின் பெயரைப் போட்டார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைவீதியில் ஜனங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு நன்றாக இருந்தது. உனக்கு அப்போது ஆறு வயது. டிவியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "டிவியில உனக்கு வெரலு பாதிதான் இருக்குது, இங்க முழுசா இருக்குதே?" என்று கேட்டாய். நான் சொன்னேன், "அது மேக்கப்பு சாமி." நீ போன மாதம் ஒரு பேட்டியில் அதையே சொல்கிறாய். எங்கம்மா அந்தக் காலத்திலேயே விரலை மறைத்து மேக்கப் போட்டு நடித்தார் என்று. பேட்டி எடுத்தவர் கை தட்டுகிறார். நான் போனை அணைத்துவிட்டு, விற்றுவிட்ட பட்டறையின் வாசலில் போய் உட்கார்ந்தேன்.

இப்போது கடைசி வாரம். பதின்மூன்றாவது பகுதியின் முடிவைப் பற்றித்தானே இவ்வளவு பேச்சும். மேலே இருக்கிற பெண் ஆழ்குழாயின் வாயில் குனிந்து, கையை விரித்துத் திருப்பிக் கேட்கிறாள். இருட்டு. கீழேயிருந்து பதில் வரவில்லை. அப்படியே முடிந்துவிடுகிறது. தமிழில் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை என்று எழுதுகிறார்கள். கீழே இருப்பவர்கள் செத்துப்போனார்களா, மேலே இருப்பவர்களை மன்னிக்க மறுத்தார்களா என்று இரண்டு கட்சி கட்டிப் பேசுகிறார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை நம் பட்டறையில் டிவிக்கு முன்னால் நின்ற பொம்பளைகள் அத்தனை பேரும், டிவி பதில் சொல்லாததால், தாங்களே கையைத் தூக்கி மடக்கிக் காட்டினார்கள். தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நூல் அறுந்ததைக்கூட யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் தறியில் நின்ற ராசம்மா மட்டும் கையைத் தூக்கவில்லை.

அதற்கு முன் நடந்தது இது. ராசம்மாவின் கை கீழேயிருந்து மடங்கிப் பதில் சொல்ல வேண்டிய அந்தக் காட்சிக்கு நல்ல இருட்டு வேண்டும் என்று மாணிக்கம் அண்ணன் நம் வீட்டு நடு அறையைக் கேட்டார். பட்டறையில் ஓட்டுச் சந்து வழியே வெளிச்சம் விழும். ராசம்மா குளித்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, வீதியின் எதிர்ப் பக்கம் மின் கம்பத்துக்குக் கீழே வந்து நின்றாள். பட்டறைக்குள் அவள் ஒன்பது வருடம் வந்து போனவள். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வந்ததில்லை. உன் அப்பா வாசலில் நின்றுகொண்டு என்னைத்தான் கேட்டார். "நீயே சொல்லு, உள்ள வரட்டுமா?" செத்துப்போனவர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க நான் இதை எழுதவில்லை. அவர் என்னைக் கேட்டார். நான் வரட்டும் என்றிருந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு வழிவிட்டிருப்பார். நான் அவள் மனம் நோகக்கூடாது என்று குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "உள்ள வேண்டாங்க. வீட்டுக்குப் பின்னால பொடக்காளியில நின்னு, சன்னல் வழியா கைய மட்டும் நீட்டச் சொல்லுங்க."

குரலைத் தாழ்த்தினேன். பட்டறையில் ஒன்பது வருடம் நின்றவளிடம் குரலைத் தாழ்த்தினேன். நாற்பது அடி தள்ளி நிற்கிறவளின் உதட்டைப் படிப்பதுதான் அவள் பிழைப்பே. எனக்கும் அதுதான் பிழைப்பு, எப்படி மறந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண் என் வாயின் மேல் இருந்தது. அழவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள், வேலைக்குப் போகும்போது செருகுவதுபோல. திரும்பிப் போய்விட்டாள். மாணிக்கம் அண்ணன் என் கையை வைத்து ஒரு தரம் எடுத்துப் பார்த்தார். விரல் முழுசாக இருந்ததால் உதவவில்லை. வீடியோ நாடா முடிந்துவிட்டது, இருட்டோடு விட்டுவிடலாம் என்றார். நீ கும்பிடுகிற முடிவு அப்படி வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் வேலைக்கு வந்தாள். வராமல் எங்கே போவாள். அதற்குப் பின் ஏழு வருடம் நம் பட்டறையில் இருந்தாள், உன்னை நான் பட்டறை வாசலைத் தாண்டி உள்ளே விட்டதில்லை. நூலுக்கும் நூல் சுற்றின தார்க்குச்சிக்கும் தண்ணீருக்கும் கை காட்டினாள். 'இருக்கியா?' என்று மட்டும் என்னைக் கேட்கவில்லை. நான் கேட்டால் மடக்கவும் இல்லை.

உன் படம் ஓடுமா என்று நான் கேட்டேன் இல்லையா, இப்போது சொல்கிறேன். ஓடலாம். காசு போட்டிருக்கிறார்கள், ஓட்டிவிடுவார்கள். ஆனால் அந்தத் தொடர் இங்கே ஜனங்கள் மனதில் நின்றது வேறு காரணத்துக்கு. வெள்ளிக் காகிதம் பளபளவென்று தெரியும், ஜனங்கள் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே நம்புவார்கள். குறையை மன்னித்துப் பார்த்ததால் அது அவர்களுடையதானது. உன் படத்தில் மன்னிக்க எதையும் நீ மிச்சம் வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் தறியில் நின்றபடி அடுத்து என்ன என்று கையாலேயே கதை கட்டினார்கள். மேச்சேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருத்தி, அடியூருக்கு ஆடு ஓட்டிக்கொண்டு போனால் மேய என்ன இருக்கும் என்று ஒரு வாரம் முழுக்க எல்லாரையும் யோசிக்கவைத்தாள். உன் தியேட்டரில் ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்து சத்தத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். பதில் சொல்ல அவர்களை நீ விடவில்லை. பதிலையும் நீயே சொல்லிவிட்டாய். "இருவது வருசமா ஜனம் காத்துக்கிட்டிருந்த பதில நான் குடுக்கறேன்மா" என்றாய். கம்ப்யூட்டரில் ஒரு கை செய்து, அதில் பாதி விரலை அழித்து, கதாநாயகன் கேட்டதும் கீழேயிருந்து மடக்கிக் காட்டவைத்திருக்கிறாய். அதுவும் யார் கதாநாயகன், ரிக் வண்டி முதலாளியின் மகன். அவன் கேட்கிறான், கீழே இருப்பவர்கள் உடனே இருக்கிறோம் என்கிறார்கள். அவ்வளவு சுலபமாக அந்தக் கை மடங்காது. அது மடங்காத காரணத்தை இப்போதுதான் உனக்குச் சொன்னேன்.

போன வாரம் அவளைப் பார்த்தேன். நம் பட்டறையை விற்றபின் அவள் தினமும் ஈரோட்டுக்குப் போய் ஒரு மில்லில் கழிவுப் பஞ்சு கூட்டுகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். பேருந்து நிறுத்தத்தில் சுவரொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். காது சுத்தமாகப் போய்விட்டது. தன் இடது கையைத் தூக்கி அந்தக் கையின் மேல் வைத்துப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். காது கேட்காதவர்கள் பேசுகிற பெரிய குரலில், நிறுத்தம் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "ஏனுங்க, என்ற கையாட்டவே இருக்குதுங்க." என் மகன் எடுத்த படம் என்று கையால் காட்டினேன். அவள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். என் பெயரில் வந்து நின்றாள். அதன் மேல் அந்த அரை விரலை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்துக் காட்டினாள். நூல் அறுந்துவிட்டது. பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

உனக்கு நான் பெரிய புத்தி ஒன்றும் சொன்னதில்லை, படி என்றுதான் சொன்னேன், படித்தாய். இப்போது ஒன்று சொல்கிறேன். பொய்யைத் தெரியாமல் வாங்கினவனுக்கும், தெரிந்த பிறகு வைத்துக்கொள்கிறவனுக்கும் நடுவில் ஒரு நாள்தான் வித்தியாசம். நான் அந்த ஒரு நாளை இருபது வருடத்துக்கு மேல் இழுத்தேன். உனக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது. விநியோகஸ்தர் கேட்க மாட்டார், தணிக்கை முடிந்துவிட்டது, இப்போது எதையும் மாற்ற முடியாது என்று சொல்லாதே. பெயரை மாற்றுவதற்கு ஒரு மத்தியானம் போதும் என்று உன்னோடு வேலை பார்த்த பையன்தான் எனக்குச் சொன்னான். என் பெயரை எடு. அவள் பெயரைப் போடு. கடைசியில் கம்ப்யூட்டர் செய்த அந்தக் கையையும் எடு. வேண்டுமானால் ரயில்வே கேட்டைத் தாண்டி, அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கையைக் கொடுக்க முடியுமா என்று அவளைக் கேள். நானும் வருகிறேன். அவள் கொடுத்தால் அவள் கையைப் போடு. முடியாது என்றால் இருட்டோடு விடு, ஏன் இருட்டு என்று மட்டும் எழுதிப் போடு.

இதுவரை எழுதி முடித்த திங்கட்கிழமையே இதையெல்லாம் சுருக்கி உனக்கு அனுப்பினேன். கூடவே ஒரு வீடியோவும் அனுப்பினேன், என் கை மட்டும்தான் அதில். விரித்துத் தூக்கி ஒரு தரம் திருப்பியிருக்கிறேன். சின்ன வயதில் பட்டறை வாசலில் உட்கார்ந்து நீயும் இதைச் செய்வாய், உனக்கு மறந்திருக்காது. செய்தியின் கீழே இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது, பார்த்துவிட்டாய். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மணி ஆறரை. போனை மேசையில் முகம் மேலே இருக்கும்படி வைத்திருக்கிறேன், மணி அடித்தால் எனக்குக் கேட்காது என்பதால். ராசம்மாவின் பெயரைப் போடு, சாமி.